டன்லெவி போட்ட கையெழுத்து

"போலி" என்றார் ஹார்லன் ஸ்ட்ரூப், கண்ணில் இடுக்கிய பூதக்கண்ணாடியை எடுக்காமலே. "கார்டு அசல்தான். கையெழுத்துதான் போலி."

கார்டைக் கொண்டுவந்த மாவிஸ் நிமிர்ந்து பார்த்தாள். சுவர்க் கடிகாரம் இரண்டரை காட்டியது. நாலு மணிக்கு ஓட்டிஸ் பெரியப்பா ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். அதற்குள் அப்பாவின் கட்டிலருகே நல்ல சேதியோடு நிற்க வேண்டும்.

டேட்டன் நகரத்து ஓட்டல் மண்டபத்தில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட கார்டுகளின் சந்தை இரைந்துகொண்டிருந்தது. வழுக்கைத் தலை ஆண்கள் பழைய அட்டைத் துண்டுகளை இரண்டு விரலால் ஏந்திப் போனார்கள். பெற்ற பிள்ளையைக்கூட அத்தனை பதமாகத் தூக்கியிருக்க மாட்டார்கள்.

"இன்னொரு தடவை பாருங்க சார். எங்கப்பா பொய் சொல்ற ஆளு இல்ல."

ஹார்லன் பெருமூச்சு விட்டார். கையெழுத்து அசலா போலியா என்று இந்த வட்டாரத்தில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

"இது சீசன் முடியற நேரத்துல அடிச்ச கார்டும்மா. அப்ப பசங்கல்லாம் ஃபுட்பால் பக்கம் போயிட்டாங்க. விக்காததைப் பெட்டி பெட்டியா குப்பையில கொட்டிட்டான் கடைக்காரன். தப்பிச்சது நூறுகூட இருக்காது. அதுலயும் உங்களது நாலு முனையும் மழுங்காம, படம் நட்ட நடுவுல இருக்கு. இதுக்கு மேல, படத்துல இருக்கற டன்லெவியே போட்ட கையெழுத்தும் இருந்தா, இந்த மண்டபமே அடிச்சுக்கும். எவனோ கிறுக்கிக் கெடுத்துட்டானே!"

"எவனோ இல்ல. டன்லெவியேதான் போட்டாரு" என்றாள் மாவிஸ்.

பதினோரு வயதில், அணியின் பஸ் கிளம்பும் நேரத்தில், அப்பா வாங்கிய கையெழுத்து அது. பைபிளுக்குள் வைத்து நாற்பத்தைந்து வருடம் பாதுகாத்தார். ஒவ்வொரு நன்றித் திருநாள் குடும்ப விருந்திலும் வான்கோழியை வெட்டும்போதே ஓட்டிஸ் பெரியப்பா ஆரம்பித்துவிடுவார். "வெண்டல், நீயே எழுதிக்கிட்டு எத்தனை நாளைக்குடா கதை விடுவ?" மேஜையே சிரிக்கும். அப்பா மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்தும் அதையே சொல்லிச் சிரித்தார் பெரியப்பா. அவர் போனதும், மூக்கில் குழாயோடு இருந்த அப்பா கார்டை மகளிடம் கொடுத்தார். "விக்கறதுக்கு இல்லடா கண்ணு. நான் போறதுக்குள்ள ஒரே ஒருத்தராவது நான் பொய் சொல்லலைன்னு சொல்லணும்."

பக்கத்து மேஜைக் கிழவர் ஐரா ப்ளம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் டன்லெவியின் அணிக்கு உடுப்பறை எடுபிடி; ஷூ துடைப்பார், சட்டை துவைப்பார். இப்போது பழைய மட்டையும் கையுறையும் விற்கிறார். ஒவ்வொன்றின் மேலும் "ஐந்து டாலர்", "எட்டு டாலர்" என்று விலையை எழுத்தால் எழுதி, கல்யாணப் பத்திரிகை எழுத்து மாதிரி வாலெல்லாம் சுழித்து ஒட்டியிருந்தார்.

"அந்தக் கார்டைக் கொஞ்சம் காட்டும்மா" என்று கையை நீட்டினார்.

அடிமாட்டு விலைக்குக் கேட்கப்போகிறார் என்று நினைத்த மாவிஸ், "விக்கறதுக்கு இல்ல" என்று வெடுக்கென்று சொன்னாள். கிழவர் கையை இழுத்துக்கொண்டார். ஆனால் போகவில்லை.

ஹார்லன் ஒரு ஆல்பத்தைத் திறந்தார். "ரூப் டன்லெவி செத்து முப்பது வருஷமாச்சு. அவரோட கையெழுத்துன்னு உலகம் ஒத்துக்கிட்டது மொத்தம் பதினாலு. எல்லாம் ரசிகருங்க அவரோட அணிக்குத் தபால்ல அனுப்பி, கையெழுத்தாகித் திரும்பி வந்தது. முத்திரை குத்தின உறைகூட இருக்கு. நீங்களே பாருங்க."

பதினாலும் ஒரே வார்ப்பு. முதலெழுத்தின் வால் கொடி மாதிரி சுற்றி மேலே ஏறியது. அப்பாவின் கார்டிலோ எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

"பார்த்தீங்களா? உங்களது ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை எழுத்து. அப்பா அப்ப சின்னப் பையன்தானே? ஆசையில எழுதியிருப்பாரு. தப்பில்ல, விடுங்க."

பெரியப்பா சொன்னதையேதான் இவரும் சொல்கிறார். கொஞ்சம் மரியாதையாக, அவ்வளவுதான். மாவிஸ் கார்டை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். மணி மூன்றாகப் போகிறது. அப்பாவிடம் என்னவென்று சொல்வது?

"நில்லும்மா." ஐரா மேஜையைச் சுற்றிக்கொண்டு குறுக்கே வந்து நின்றார். மூச்சு வாங்கியது. "டன்லெவி எப்படி எழுதினாருன்னு அப்பா ஏதாவது சொல்லியிருக்காரா?"

"நாக்கை நீட்டிக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தா முணுமுணுத்துக்கிட்டே எழுதினாராம். பஸ்ஸுக்குள்ள எல்லாரும் கத்தியும், எழுதி முடிக்காம ஏறலையாம்."

ஹார்லன் சிரித்தே விட்டார். "கேட்டியா ஐரா? எழுத்துக் கூட்டி எழுத அவரு என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?"

"பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவரு." கிழவர் சிரிக்கவில்லை. "எட்டு வயசுல சுரங்கத்துக்குள்ள இறங்கினவரு. பேரு எழுதறதுக்கே இந்தக் கார்டு வந்த வருஷந்தான் கத்துக்கிட்டாரு. வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்னு தபாலைத் தொடவே மாட்டாரு."

ஹார்லனின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப இந்தப் பதினாலு?"

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் போட்டதுப்பா."