டம்மித் தோட்டா

பழைய ரிவால்வரில் குறி தப்பாத காவலர் செல்லக்கிளிக்கு, புதுப் பிஸ்டலில் சுட்டதெல்லாம் குறிக்குக் கீழே மண்ணில்தான் விழுந்தது. அவள் கல்குவாரியில் வளர்ந்தவள். அங்கே கல்சில்லு தெறித்த வலது கண் இப்போது போய்க்கொண்டிருக்கிறதோ என்று பயந்தாள். கண் போனால் வேலையும் போகும். நாளைக்குத் துப்பாக்கி சுடும் தேர்வு. கூட வேலை பார்க்கும் ஜெசிந்தாவிடம் மட்டும் சொன்னாள்.

“அந்தச் சனியன இங்க குடு.” ஜெசிந்தா திரும்பி நின்று தோட்டா நிரப்பிக் கொடுத்தாள். “இப்ப சுடு.”

செல்லக்கிளி விசையை இழுத்தாள். வெடிக்கவில்லை. உள்ளே இருந்தது டம்மித் தோட்டா. ஆனாலும் பிஸ்டலின் முனை சட்டென்று தரையைப் பார்த்துக் குனிந்தது.

“பாத்தியாடி? வெடிக்கிறதுக்கு முன்னாடியே பதுங்குற. குவாரியில வெடி வைக்கப்போறாங்கன்னு சங்கு ஊதிட்டாங்களா? பழைய துப்பாக்கி கனம், கை குனியுறத மறைச்சிருச்சு. இது லேசு, காட்டிக்குடுத்திருச்சு.”

“அப்போ கண்ணு?”

“கண்ணுக்கு என்ன கேடு? கைதான் கோழை.”

செல்லக்கிளி தன் மணிக்கட்டையே பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். பிஸ்டலை நீட்டினாள்.

“நெசத் தோட்டாவோட இன்னும் ரெண்டு டம்மி கலந்து போடு. எது எப்ப வரும்னு மட்டும் சொல்லாத, கை பதுங்குறத மறக்கட்டும்.”