முரசுமோட்டையின் இடதுகால்

எங்கள் முரசுமோட்டை உதைபந்தாட்ட அணியில் பத்து வருசமாக நடு ஆட்டக்காரன் நான்தான். நானில்லாமல் அணி எந்த ஊருக்கும் விளையாடப் போனதில்லை. பந்துதான் என் பக்கம் வருவது குறைவு. பெரிய ஆட்டக்காரனைக் கண்டு அது ஒதுங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அறுபத்துமூன்றாம் ஆண்டு நெடுங்கேணி மைதானத்தில் ஒருவன் உதைத்த உதையில் இடதுகாலைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். ஆட்டத்தை விட்டுவிட்டு எங்கள் அணி முழுவதும் ஓடிவந்தது. கப்டன் குலவீரசிங்கம் அழாத குறை. எனக்கோ பெருமையில் நோவே தெரியவில்லை.

"பயப்படாதை தம்பி, நான் விளையாடுவன்," என்றேன்.

"விளையாட்டுக் கிடக்கட்டும் அண்ணை. கிளட்ச் மிதிக்க ஏலுமோ?"

வேலியோரம் நின்ற என் உழவு மெசினையும், அணி முழுவதும் ஏறிவந்த அதன் பெட்டியையும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.