கேட்டுக்கும் கொஞ்சம் ஆயில்

மழையும் பனியும் முடியும்வரை தார்ப்பாய்க்குள் தூங்கிய பைக்கை இருதயராஜ் வாசலுக்குத் தள்ளிவந்தார். கறுத்துப்போன ஆயிலைத் தட்டில் வடித்துவிட்டு, தேன் நிறத்தில் புது ஆயில் ஊற்றினார்.

வாசலிலிருந்த இரும்புக் கேட்டுக்கு வயிறு எரிந்தது. "நனைஞ்சு துருப்பிடிச்சது நான். தூங்கினவனுக்குப் புது ஆயிலா?" என்று காற்றில் ஆடிக் கிறீச்சிட்டது.

"நீ எங்கயாவது ஓடுறியா, உனக்கு ஆயில் ஊத்த?" என்றது பைக்.

கேட் இன்னும் பலமாகக் கிறீச்சிட்டது. காது கூசிய இருதயராஜ், தட்டிலிருந்த ஆயிலைத் துணியில் தொட்டு அதன் கீல்களில் தடவினார். கேட்டுக்கு உச்சி குளிர்ந்தது.

"என் வயித்துல கிடந்த கழிவு அது. நல்லா இருக்கா?" என்றது பைக்.

'உன் எச்சிலா எனக்கு?' என்று கத்துவதற்காகக் கேட் வேகமாக ஆடியது. சத்தமே வரவில்லை.