பக்கத்து மெஷின்காரி

வெளியூர்க்காரர்களை அடிப்பது அந்தப் பனியன் ஊரில் சாதாரணமாகிப்போன பிறகு, ஒடிசாவிலிருந்து தைக்க வந்த சுகாந்தி கழுத்தில் குரல்பட்டை கட்டிக்கொண்டாள். அவள் ஒடியாவில் பேசினால் வெளியே சுத்தமான கொங்குத் தமிழ் கேட்கும்.

பக்கத்து மெஷினில் மஞ்சுளா. உள்ளூர்க்காரியிடம் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில், இரண்டு வருடமாக "சாப்டாச்சுங்களா?" என்பதைத் தாண்டி சுகாந்தி எதுவும் பேசியதில்லை. மதியத்தில் தனியாகவே சாப்பிடுவாள்.

ஒருநாள் மஞ்சுளாவை பஸ் ஸ்டாப்பில் யாரோ அடித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். உள்ளூர்க்காரியை ஏன் அடித்தார்கள் என்று புரியாமல் சுகாந்தி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கட்டிலருகே மேஜையில் உடைந்த குரல்பட்டை ஒன்று கிடந்தது. மஞ்சுளா கண்மூடி முனகினாள்.

"பாணி... டிக்கே பாணி..."

"ஏனுங்கக்கா, இவங்க என்ன கேக்கறாங்கன்னு உங்களுக்குப் புரியுதுங்களா?" என்றாள் நர்ஸ்.

தெரியாது என்று சொல்லிவிட்டு சுகாந்தி திரும்பியிருக்கலாம். அவள் தன் பட்டையைக் கழற்றினாள்.

"தண்ணி கேக்குது," என்றாள் தனக்குத் தெரிந்த தமிழில்.

நர்ஸின் முகம் மாறியது. "நீயும் அந்தக் கூட்டந்தானா?"

சுகாந்தி மஞ்சுளாவின் தலையைத் தாங்கித் தண்ணீர் புகட்டினாள். பிறகு ஒடியாவில் கேட்டாள். "உன் நிஜப் பேரென்ன?"

மஞ்சுளா கண்திறந்து அவளைப் பார்த்தாள்.

"மினதி. உன்னை உள்ளூர்க்காரின்னு நெனச்சு தினமும் பயந்துட்டே இருந்தேன்."