ஃப்ரீசரில் வைத்த ஊசி

"ஃப்ரீசர்லயா வச்சீங்க, அத்தை?"

"கெட்டுப் போயிடக் கூடாதேன்னுதான் மாப்பிள்ளை... மீனெல்லாம் அதுலதானே நல்லா இருக்கு" என்றாள் ஆக்னஸ், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி.

ஏனோக்குக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் மாமியாரைத் திட்டி என்ன ஆகப் போகிறது? மனைவி ஜெமிமாவுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது ஐந்தாம் மாதமே தெரிந்துவிட்டது. குழந்தைக்குத் தொற்றாமல் இருக்க, பிறந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு ஊசி போட வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தடுப்பூசியை ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டார்கள். இரண்டாவது ஊசியாக வெளியே வாங்கி வைக்கச் சொன்ன இம்யூனோகுளோபுலின்தான் வீட்டில் மீனோடு மீனாக உறைந்து கிடந்தது. உறைந்ததைப் போடவே கூடாதாம்.

மகள் பிறந்தது காலை ஆறுக்கு. இப்போது மணி நான்கு. ஞாயிற்றுக்கிழமை வேறு. ஊரின் ஒரு கோடி அல்வாலிலிருந்து மறுகோடி கொண்டாப்பூர் வரை போன் போட்டாயிற்று. எல்லாக் கடையிலும் கையை விரித்துவிட்டார்கள்.

"கைக்கு பரேஷான், பாய்? எதுக்கு இவ்வளவு கவலை?" என்றார் ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்து பெஞ்சில் இருந்தவர். "நானும் தமிழ்தான், வாணியம்பாடி. பேரு நூர் முகமது."

ஏனோக் கொட்டித் தீர்த்தான். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு காலடியில் இருந்த ஐஸ் டப்பாவைத் திறந்து, அதே மருந்தை எடுத்து நீட்டினார்.

"இது உறையல. ஓடுங்க."

மருந்துக் கம்பெனி ஆள் போலிருக்கிறது என்று நினைத்தபடியே ஓடினான். நர்ஸ் தேதியைப் பார்த்தாள், டாக்டரிடம் காட்டினாள். துளியூண்டு தொடையில் ஊசி இறங்கியது. மகள் வீலென்று அலற, ஏனோக்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனூண்டு மருந்து ஓர் ஆயுசுக்கே காவல் நிற்கிறதே, ஆண்டவரே!

திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "என்ன கொடுக்கணும், பாய்?"

"காசெல்லாம் நக்கோ, வேணவே வேணாம். எந்தெந்தக் கடையில இல்லேன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அங்கே மறுபடி கேட்க வேணாம் பாருங்க."

"உங்களுக்கு எதுக்கு அது?"

அதற்குள் பிரசவ அறைக் கதவைத் திறந்து வேறொரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"நூர் முகமது! உங்க சம்சாரத்துக்கு அரை மணியில குழந்தை பிறந்திடும். வாங்கிட்டு வந்தேன்னு சொன்னீங்களே, அந்த இம்யூனோகுளோபுலினைக் கொடுங்க."

நூர் முகமது போனைக் காதில் வைத்தபடியே எழுந்தார்.

"தேடிட்டிருக்கேன், சிஸ்டர். இவங்க பாப்பாவுக்கு ரெண்டு மணி நேரம்தான் இருந்துச்சு. எங்களுதுக்கு முழுசா பன்னிரண்டு இருக்கே!"