அண்ணன் தம்பி ஆட்டம்

“பேரனுக்காம்மா?” என்றார் கடைக்காரர், டி.வி.யில் மாட்டி ஆடும் உள்ளங்கையளவு வீடியோ கேம் பெட்டியை நீட்டி.

“என் பசங்களுக்குப்பா. அந்தப் பழைய கார் ரேஸ் இதுல இருக்குல்ல? சின்னதுல அதுக்குத்தான் ரெண்டும் அடிச்சுக்குங்க.”

தம்பியோடு முகம் கொடுத்துப் பேசாத பெரியவனை, தான் இருக்கும் சின்னவன் வீட்டுக்கு அம்மா வரவழைத்தாள். இருவரும் ஏதோ குசுகுசுத்துவிட்டு டி.வி. முன்னால் தோள் உரச உட்கார்ந்தார்கள். மருமகள்கள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

டீயோடு வந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது.

சின்னவன் துள்ளிக் குதித்தான்.

“யாருடா ஜெயிச்சது?”

“நான்தாம்மா! இனிமே நீ அண்ணன் வீட்லதான். தோத்தவன் உன்னை வெச்சுக்கணும்னு பேச்சு.”

பெரியவன் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. “இது செல்லாதுடா. இன்னொரு ஆட்டம் போடு.”