ரெக்கேஜா, டேமேஜா?

"ரெக்கேஜ்னு மட்டும் எழுதிடாதீங்க சார்" என்றாள் செம்மொழி.

செல்போனில் அறிக்கை தட்டிக்கொண்டிருந்த புகழேந்தி விரலை நிறுத்தினான். எதிரே வரப்போரம் தார்ப்பாய் விரித்து, அதில் ஒரு ட்ரோனைக் கிடத்தியிருந்தார்கள். மூன்று விசிறிகள் முறிந்து, ஒரு கால் மடங்கி, உடம்பெல்லாம் சேறு. நேற்றுக் காலை வரை திருவையாற்றுப் பக்கத்துச் சம்பா வயல்களுக்கெல்லாம் மருந்து தெளித்துக்கொண்டிருந்த இயந்திரம் அது. தென்னை மரத்தில் மோதி வயலில் விழுந்துவிட்டது. ஊர் மகளிர் குழுவுக்குச் சொந்தம். லைசென்ஸ் வாங்கி ஓட்டுபவள் செம்மொழி. விபத்தைப் பார்வையிட ட்ரோன் கம்பெனியின் தஞ்சாவூர் அலுவலகத்திலிருந்து வந்தவன்தான் புகழேந்தி.

"மோதி நொறுங்கி மிச்சம் கிடக்கிறதுக்கு ரெக்கேஜ்னுதாங்க பேரு" என்றான்.

செம்மொழி அசரவில்லை. கடலில் விழுந்த விமானத்துக்குச் சொல்லலாம், பாறையில் மோதி உடைந்த கப்பலுக்குச் சொல்லலாம், இடிந்து விழுந்த கட்டடத்துக்கும் சொல்லலாம், இனிமேல் தேறவே தேறாது என்பதற்குத்தான் அந்தச் சொல் என்றாள். பைக் கண்ணாடி உடைந்தால் யாராவது ரெக்கேஜ் என்பார்களா? இதில் விசிறியும் காலும் மாற்றினால் நாளைக்கே பறக்கும். எனவே, டேமேஜ் என்று எழுதுவதுதான் நியாயம் என்று முடித்தாள்.

இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறாளே என்று புகழேந்திக்கு எரிச்சல் வந்தது. கூடவே, சொல்வது சரிதானோ என்ற சந்தேகமும் வந்துதொலைத்தது.

அவள் ஏன் மல்லுக்கு நிற்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். டேமேஜ் என்றால் உதிரி பாகம் வரும், மாட்டிக்கொண்டு மறுபடி ஓட்டலாம். ரெக்கேஜ் என்றால் விவகாரம் தலைமை அலுவலகத்துக்குப் போகும். விசாரணை முடியும்வரை அவள் ட்ரோனைத் தொட முடியாது, அதற்குள் சம்பா அறுவடையே வந்துவிடும். அவளை நம்பி நாள் குறித்துக் காத்திருக்கும் வயல்கள் என்னாவது?

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மற்றவர்களைப் பார்த்தால் பாவமாகவே இல்லை. விபத்து நடந்த இடங்களில் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். இங்கேயோ குழுத் தலைவி ராசம்மாளும் மற்ற பெண்களும் கல்யாண வீட்டில் நிற்பது போலச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். வந்ததும் இளநீர் கொடுத்தார்கள். பிறகு சுடச்சுட உளுந்து வடை வந்தது. மூன்றாவது வடையை வைக்கும்போது ராசம்மாள், "தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலையாமே?" என்றாள். அம்மாதான் பெண் தேடிக்கொண்டிருக்கிறாள், தனக்குத்தான் நேரமில்லை என்று அவன் சொன்னதற்குப் பின்வரிசையில் ஒரே சிரிப்பு.

தனக்கு ஐஸ் வைத்து எதையோ மறைக்கிறார்கள் என்று அவனுக்குப் பட்டது. குனிந்து ட்ரோனின் மருந்து டேங்கை மோந்து பார்த்தான். மருந்து வாடையே இல்லை, வெறும் தண்ணீர். மருந்து அடிக்கப் போனவர்கள் தண்ணீரை எதற்குப் பறக்கவிட்டார்கள்?

"நேத்து ஓட்டினது நீங்கதானே?" என்றான்.

"மெஷின் என் பொறுப்புலதான் சார் இருந்துச்சு."

"நான் கேட்டது அது இல்லைங்க. ரிமோட் யார் கையில இருந்துச்சு?"

செம்மொழி தரையைப் பார்த்துக்கொண்டே, ரெக்கேஜ் என்றே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் பெயர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

இவ்வளவு நேரம் சட்டம் பேசியவள் இப்படி அழுவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. யாரோ செய்த தப்புக்கு இவள் ஏன் பழி சுமக்க வேண்டும்? அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தில் பாதி அவளுக்காக வந்தது என்பதை அவனே கவனிக்கவில்லை.

"லைசென்ஸ் இல்லாம ஓட்டினது யாருன்னு இப்பவே எனக்குத் தெரியணும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "அவங்க எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் விடமாட்டேன். போலீஸ்ல புகார் குடுக்கப்போறேன்."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராசம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமலே வந்துவிட்டது.

"குடுடா, தாராளமா குடு" என்று பம்புசெட் கொட்டகைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

புகழேந்தி திரும்பினான். பேராவூரணியில் இருக்க வேண்டிய அவனுடைய அம்மா அம்சம், பட்டுப் புடவையும் தலை நிறைய மல்லிகைப் பூவுமாக வரப்பில் வந்துகொண்டிருந்தாள்.

"இந்தப் பொண்ணு போட்டோவைக் காட்டினா பார்க்கவே மாட்டேன்னுட்ட, அதான் நேத்தே நானே பொண்ணு பார்க்க வந்தேன். சும்மா தண்ணிய ஊத்தி ஓட்டிக் காட்டும்மான்னேன், ஆசையில நான்தான் ரிமோட்டை வாங்கித் தென்னையில விட்டுட்டேன். இந்நேரம் வரைக்கும் என்னைக் காட்டிக்குடுக்காம நிக்குதுடா இந்தப் பொண்ணு. ரிப்போர்ட்டை அப்புறம் எழுதலாம், மொதல்ல அவளை நல்லா நிமிர்ந்து பாரு."